பால்புதுமையர் உரிமைக்கு உழைத்தவர்களுக்குச் சமூக விருது: தொடங்குவது முதல் விழா முடிந்த பிறகு வரை ஒரு முழு வழிகாட்டி

ஃபிராங்க் கமேனி ஒரு வானியலாளர். தன்பாலீர்ப்பாளர் என்ற ஒரே காரணத்துக்காக 1957-இல் அமெரிக்க அரசு அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1965-இல் வெள்ளை மாளிகைக்கு முன்னால் பதாகை பிடித்து நின்றார். அதே அரசு 2009-இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டு, கையோடு ஒரு விருதையும் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 84. இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார்.

அரசும் பெரிய நிறுவனங்களும் கண் திறக்கட்டும் என்று காத்திருந்தால் இவ்வளவு காலம் ஆகும். பலருக்கு அவ்வளவு ஆயுள் கிடைப்பதில்லை. அதனால்தான் பால்புதுமையர், அதாவது தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர், இடைபாலினத்தவர் ஆகிய எல்ஜிபிடிஐ மக்கள், தங்களுக்காக உழைத்தவர்களைத் தாங்களே கௌரவிக்கும் விருதுகள் உலகின் பல மூலைகளில் நடக்கின்றன. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் இருந்த சில பால்புதுமை நூலகர்கள் 1971-இல் தாங்களாகவே ஒரு நூல் விருதைத் தொடங்கினார்கள். இன்று அது ஸ்டோன்வால் நூல் விருது. சங்கம் அதைத் தன் அதிகாரபூர்வ விருதாக ஏற்றுக்கொண்டது 1986-இல்தான். பதினைந்து ஆண்டுகள் அது அங்கீகாரம் இல்லாமலேயே நடந்தது.

உங்கள் குழுவும் அப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால், என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். மேடை, விளக்கு, கேடயம் இவற்றைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் யோசிப்பார்கள். ஆனால் ஒரு விருது நல்ல விருதா என்பதை இரண்டு இடங்கள் தீர்மானிக்கின்றன: பரிந்துரை வாங்கும் விதம், ஒப்புதல் கேட்கும் விதம். இந்த இரண்டுக்கும் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எதற்காக இந்த விருது என்று எழுதி வையுங்கள்

முதல் கூட்டத்திலேயே ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். யாருக்காக இந்த விருது? எந்த ஊருக்கு, நாட்டுக்கு, மொழிக்கு உட்பட்டது? தொண்டர்களுக்கு மட்டுமா, சம்பளம் வாங்கி இதே துறையில் வேலை செய்பவர்களுக்கும் உண்டா? ஒரு வருடப் பணிக்கா, வாழ்நாள் பணிக்கா? இவற்றுக்கு இப்போதே பதில் இல்லையென்றால், தேர்வு நாளில் நடுவர்கள் ஆளுக்கொரு பதிலோடு வந்து உட்காருவார்கள்.

பெயர் சூட்டுவதிலும் கவனம் வேண்டும். மறைந்த ஒருவரின் பெயரை வைக்கலாம், அதற்கு நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. பிரேசிலில் 1590-களில் பெண்களோடு உறவு வைத்திருந்ததற்காக கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணை மன்றம் ஃபெலிப்பா டி சோசா என்ற பெண்ணுக்குக் கசையடி கொடுத்து, வாழ்ந்த பகுதியை விட்டே துரத்தியது. அவர் பெயரில் 1994 முதல் ஒரு பன்னாட்டு விருது வழங்கப்பட்டது. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெயர் அந்த விருதால் மறுபடி பலர் வாய்க்கு வந்தது. சமீபத்தில் மறைந்தவர் என்றால் அவரோடு வாழ்ந்தவர்களிடமும் கூட வேலை செய்தவர்களிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ரத்த உறவு ஒன்று சொல்லி, வாழ்ந்த உறவு வேறொன்று சொன்னால், வாழ்ந்த உறவின் பக்கம் நிற்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

2. நாளும் கால அட்டவணையும்

முதல் முறை என்றால் எட்டு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். திட்டமிட இரண்டு மாதம், பரிந்துரைக்கு இரண்டு, தேர்வுக்கு ஒன்றரை, ஒப்புதலுக்கும் விழா ஏற்பாட்டுக்கும் மிச்சம். ஒப்புதலுக்கு ஒரு வாரம் போதும் என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் அவசரத்தில் யாரையாவது காயப்படுத்துகிறார்கள்.

விழா நாளாகப் பலர் மே 17-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1990-இல் அந்த நாளில்தான் உலக சுகாதார அமைப்பு தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. திருநர் வெளிப்பாட்டு நாளான மார்ச் 31-உம் பொருத்தமானது. நவம்பர் 20-ஐ மட்டும் விட்டுவிடுங்கள். கொல்லப்பட்ட திருநர்களை நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் நாள் அது, கைதட்டலுக்கு உரியதல்ல.

3. பிரிவுகள்: வேலையை வைத்துப் பிரியுங்கள்

‘சிறந்த லெஸ்பியன்’, ‘சிறந்த திருநம்பி’ என்று அடையாளத்தை வைத்துப் பிரிவு அமைப்பது எளிது. ஆனால் இரண்டு சிக்கல் வரும். ஒருவர் அந்தப் பிரிவில் பரிசு வாங்கினாலே அவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அதோடு, இரண்டு அடையாளங்களுக்கு நடுவே வாழ்பவர்களுக்கு இடமே இருக்காது. சட்டப் பணி, உடல்நலமும் மனநலமும், கல்வி, கலை, இளையோருக்கான பணி, முதியோருக்கான பணி, திரைக்குப் பின்னால் உழைத்தவர் என்று வேலையை வைத்துப் பிரித்தால் யார் வேண்டுமானாலும் எந்தப் பிரிவிலும் வரலாம்.

தனி மனிதருக்கு மட்டும் கொடுக்காமல் குழுவுக்கும் ஒரு பிரிவு வையுங்கள். உரிமைப் போராட்டத்தில் பெரும்பாலான வேலை நாலைந்து பேர் சேர்ந்து செய்ததாகத்தான் இருக்கும். அதில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் மட்டும் மேடை ஏறினால் மற்றவர்கள் மனதில் ஒரு முள் தைக்கும்.

சமூகத்துக்கு வெளியே இருந்து துணை நின்ற பெற்றோர், ஆசிரியர், வழக்கறிஞர், மருத்துவர் ஆகியோருக்குத் தோழமையாளர் பிரிவு ஒன்று போதும். ஒன்றுக்கு மேல் வைத்தால் விழா மெல்ல மெல்ல அவர்களுடையதாக மாறிவிடும்.

அப்புறம், எல்ஜிபிடிஐ என்பதன் கடைசி எழுத்து. இடைபாலினத்தவரை, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடற்கூறுக்குள் அடங்காத உடலோடு பிறந்தவர்களை, பெயரில் சேர்த்துவிட்டுப் பட்டியலில் விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அவர்களுடைய போராட்டத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1996 அக்டோபர் 26 அன்று பாஸ்டனில் குழந்தை மருத்துவர்களின் மாநாட்டுக்கு வெளியே அவர்கள் நின்றதிலிருந்துதான் இடைபாலின விழிப்புணர்வு நாள் பிறந்தது. ஒப்புதல் கேட்காமல் குழந்தைகளின் உடலில் அறுவை சிகிச்சை செய்வதை மால்டா 2015-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. உலகில் அதுவே முதல் நாடு. பிரைடு எனப்படும் பால்புதுமையரின் பெருமை ஊர்வலங்களில் அதிகம் கண்ணில் படாத இந்த வேலையை உங்கள் நடுவர்கள் அடையாளம் காண வேண்டுமென்றால், நடுவர்களில் ஒருவராவது இடைபாலினத்தவராக இருக்க வேண்டும்.

மறைந்தவர்களுக்கு ஒரு பிரிவு வைப்பது நல்லது. எண்ணிக்கையைப் பொறுத்தவரை முதல் ஆண்டில் ஐந்து அல்லது ஆறு பிரிவுக்கு மேல் போக வேண்டாம்.

4. பரிந்துரை: ஆட்களைத் தேடிப் போங்கள்

இணையத்தில் ஒரு படிவத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் யார் பெயர் வரும்? ஏற்கெனவே பிரபலமானவர்கள் பெயர், நண்பர்கள் அதிகம் உள்ளவர்கள் பெயர், நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் பெயர். இரவெல்லாம் உதவித் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்குத் தன் அறையில் பாய் விரித்துக் கொடுப்பவர், காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போகிறவர் ஆகியோர் பெயர் வராது. இவர்களைப் பற்றி எழுத வேண்டியவர்களுக்குப் படிவம் நிரப்ப நேரமோ பழக்கமோ இருப்பதில்லை.

நம் இயக்கமே தன் ஆட்களை மறந்திருக்கிறது. 1969-இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் காவல்துறைச் சோதனையை எதிர்த்து எழுந்த ஸ்டோன்வால் எழுச்சிக் காலத்திலிருந்து களத்தில் நின்ற திருநர் சில்வியா ரிவேரா. வீடற்ற இளம் திருநர்களுக்காக மார்ஷா பி. ஜான்சனோடு சேர்ந்து தங்குமிடம் நடத்தியவர். 1973-இல் நியூயார்க் பிரைடு மேடையில் ஏறி, சிறையில் அடிபடும் தம் மக்களைப் பற்றிப் பேச முயன்றபோது கூட்டம் அவருக்கு எதிராகக் கூச்சலிட்டது. அன்று கூச்சலிட்டவர்கள் வெளியாட்கள் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் பரிந்துரைப் பட்டியலைக் கையில் எடுக்கும்போது, இன்றைய சில்வியா யார், அவர் பெயர் ஏன் இதில் இல்லை என்று கேளுங்கள்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? பரிந்துரை காலம் முழுக்க நாலு தொண்டர்களை இதற்கென்றே ஒதுக்குங்கள். அவர்கள் தங்குமிடங்களுக்கும் மருத்துவ முகாம்களுக்கும் ஆதரவுக் குழுக் கூட்டங்களுக்கும் நேரில் போகட்டும். வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். குரல் பதிவாக அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த மொழியில் வந்தாலும் மொழிபெயர்ப்பது உங்கள் பொறுப்பு. ஒருவர் தன்னையே பரிந்துரைத்துக்கொள்ளவும் அனுமதி கொடுங்கள். தனியாக உழைப்பவர்களுக்கு வேறு வழியே கிடையாது. அதைத் தற்பெருமை என்று பார்க்க வேண்டாம். வாக்கெடுப்பு வேண்டாம். அதிக வாக்கு வாங்கியவருக்கு விருது என்றால் அது ஆள் பலத்துக்குக் கிடைக்கும் பரிசு.

படிவத்தில் கேள்விகள் குறைவாக இருக்கட்டும்:

- இவர் செய்த ஒரு காரியத்தை, நடந்தது நடந்தபடி சொல்லுங்கள்.
- அதனால் யாருக்கு என்ன மாறியது?
- இந்த வேலையில் இவரோடு வேறு யார் யார் இருந்தார்கள்?
- இவரை நீங்கள் பரிந்துரைப்பது இவருக்குத் தெரியுமா? இவரோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்வது எப்படி?
- உங்களுக்கும் இவருக்கும் என்ன உறவு?

பரிந்துரை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு மாதிரியும் கொடுங்கள். பெரும்பாலும் வருவது இப்படி இருக்கும்: “சமூக முன்னேற்றத்துக்காக அயராது பாடுபடும் இவர் அனைவருக்கும் ஒரு முன்மாதிரி.” இதை வைத்துக்கொண்டு நடுவர்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. அதே மனிதரைப் பற்றி இப்படியும் எழுதலாம்: “என்னை வீட்டை விட்டு அனுப்பிய இரவு, ஒன்றரை மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனார். மறுநாள் என்னோடு கல்லூரிக்கு வந்து, அப்பா எடுத்து வைத்துக்கொண்ட சான்றிதழ்களுக்கு நகல் கேட்டு விண்ணப்பிக்க வைத்தார். நான் அந்த ஆண்டே தேர்வு எழுதினேன். எனக்குத் தெரிந்தே இன்னும் மூன்று பேருக்கு இப்படிச் செய்திருக்கிறார்.” பெரிய வார்த்தை எதுவும் இல்லை. படிக்கிறவருக்கு எல்லாம் புரிந்துவிடும். இந்த இரண்டு மாதிரிகளையும் படிவத்தின் மேலேயே அச்சிட்டுவிட்டால் வருகிற பரிந்துரைகளின் தரம் உடனே மாறும்.

பாதிக் காலம் கழிந்ததும் வந்தவற்றைக் குவித்துப் பாருங்கள். எந்த வட்டாரத்திலிருந்து வரவில்லை, எந்த வயதினர் இல்லை, திருநம்பிகள் இருக்கிறார்களா, மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா? இல்லாத பக்கம் தொண்டர்களை அனுப்புங்கள். கடைசி நாள் முடிந்த பிறகு இதைக் கவனித்துப் பயனில்லை.

5. ஒப்புதலும் பாதுகாப்பும்

இந்த ஒரு பகுதியில் தவறினால் மற்ற எதையும் சரியாகச் செய்து பலனில்லை.

உகாண்டாவில் 2010 அக்டோபரில் ஒரு பத்திரிகை தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லிப் பலருடைய பெயர்களையும் படங்களையும் வெளியிட்டு, தூக்கிலிடச் சொல்லித் தலைப்பும் போட்டது. டேவிட் கட்டோ, காஷா நபகெசெரா, பெப்பே ஒன்சியமா மூவரும் நீதிமன்றம் போய் 2011 ஜனவரியில் வென்றார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி கட்டோ தன் வீட்டில் கொல்லப்பட்டார். அவர் பெயரில் பிறகு ஒரு பன்னாட்டு விருது ஏற்படுத்தப்பட்டது. பங்களாதேஷில் பால்புதுமையருக்கான முதல் பத்திரிகையை நடத்திய சுல்ஹாஸ் மன்னான் 2016 ஏப்ரலில் தன் வீட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு பெயரும் ஒரு படமும் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஒருபால் உறவைக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகள் இன்றும் 60-க்கு மேல். உங்கள் விழா பாதுகாப்பான ஊரில் நடக்கலாம். விருது வாங்கியவர் மறுநாள் எங்கே திரும்பிப் போகிறார் என்பதுதான் கேள்வி.

தேர்வானவரை முதலில் தொடர்புகொள்வதே நுட்பமான வேலை. வீட்டு முகவரிக்குக் கடிதம் போடாதீர்கள். உறையின் மேல் அமைப்பின் பெயர் இருந்தால் போதும், வீட்டில் கேள்வி கிளம்பிவிடும். வாட்ஸப் செய்தியும் பூட்டிய திரையில் எட்டிப் பார்க்கும். பரிந்துரைத்தவர் சொன்ன வழியில், ஒரே ஒரு நபர், தொலைபேசியில் பேசட்டும். முதல் வாக்கியம் இப்படி இருக்கலாம்: “வணக்கம், நீங்கள் இப்போது தனியாகப் பேச முடியுமா? முடியாது என்றால் ‘பிறகு கூப்பிடுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.” எங்கிருந்து பேசுகிறீர்கள் என்பதை அவர் ‘முடியும்’ என்ற பிறகே சொல்ல வேண்டும்.

அடுத்தது, எதற்கெல்லாம் சம்மதம் என்பதைத் தனித்தனியாகக் கேட்பது. ‘விருதை ஏற்றுக்கொள்கிறீர்களா’ என்ற ஒரே கேள்விக்குச் சொன்ன ‘சரி’ எல்லாவற்றுக்குமான சம்மதம் ஆகாது. பெயரும் படமும் எங்கும் வரலாம் என்பவர் இருப்பார். சமூகத்துக்குள் வழங்கும் பெயர் மட்டும் வரட்டும், படம் வேண்டாம் என்பவர் இருப்பார். அரங்கத்துக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் போதும், நேரலை வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம். குழுவுக்கும் தனக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று இன்னொருவர் சொல்லலாம். நாலு நிலைக்கும் இடம் வையுங்கள். கடைசி நிலையைத் தேர்ந்தெடுத்தவரின் விருதும் முழு விருதுதான். அவரிடம் தனியாகப் போய், அதே மரியாதையோடு கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

சொன்னதை விழா தொடங்கும் நிமிடம் வரை மாற்றிக்கொள்ளலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்ற காரணத்தை யாரும் அவரிடம் சொல்லக் கூடாது. அச்சுச் செலவு உங்களுடையது, வாழ்க்கை அவருடையது.

ஒப்புதல் படிவத்தில் பெயருக்கு இரண்டு இடம் வேண்டும்: மேடையிலும் சான்றிதழிலும் வர வேண்டிய பெயர், வங்கிக் கணக்கில் உள்ள பெயர். பல திருநர்களுக்கு ஆவணங்களில் பழைய பெயரே இருக்கும். வாழும் பெயரில் காசோலை எழுதிக் கொடுத்தால் அவரால் அதை மாற்றவே முடியாது. பழைய பெயரைச் சான்றிதழில் அச்சடித்துவிட்டாலோ, அதைவிட அவமானம் வேறில்லை. இரண்டாவது பெயரைக் கணக்குப் பார்ப்பவர் ஒருவர் மட்டும் அறிந்திருந்தால் போதும்.

6. நடுவர் குழு

ஐந்து பேர் அல்லது ஏழு பேர். பெரும்பான்மையினர் சமூகத்தைச் சேர்ந்தவர்களாக, வெவ்வேறு அனுபவம் உள்ளவர்களாக இருக்கட்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒருவரே நீடிக்க வேண்டாம். முந்தைய ஆண்டு விருது பெற்ற ஒருவரை அழைப்பது நல்ல வழக்கம். நடுவர்களின் நேரத்துக்குச் சிறு தொகையாவது கொடுங்கள். கொடுக்காவிட்டால் வசதி உள்ளவர்கள்தான் நடுவராக வர முடியும்.

நம் வட்டம் சிறியது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், முன்னாள் காதலர்களும் முன்னாள் எதிரிகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும். ஆகவே பட்டியலைப் பார்த்ததும் யாரோடு தனக்கு உறவு, பகை, பணத் தொடர்பு இருக்கிறது என்று ஒவ்வொரு நடுவரும் எழுதிக் கொடுக்கட்டும். அந்தப் பெயர் பேச்சுக்கு வரும்போது அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். உள்ளேயே உட்கார்ந்து வாய் திறக்காமல் இருப்பது போதாது.

முதலில் ஒவ்வொருவரும் தனியாகப் படித்து மதிப்பெண் போடட்டும், அப்புறம்தான் பேச்சு. இல்லாவிட்டால் குரல் பெரிதாக உள்ளவர் சொல்வதே தீர்ப்பாகிவிடும். மதிப்பிடும்போது, என்ன சாதித்தார் என்பதோடு எந்த நிலையிலிருந்து சாதித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அலுவலகமும் சம்பளமும் ஊழியர்களும் உள்ள ஒருவர் நடத்திய மாநாட்டையும், கையில் ஒன்றும் இல்லாத ஒருவர் தன் தெருவில் நாலு பேரைக் காப்பாற்றியதையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

ஒரு கடினமான விஷயத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தேர்வானவர் மீது துன்புறுத்தல் புகார் வந்தால் என்ன செய்வது? சமூகத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. அதே நேரம் வதந்தியை வைத்து ஒருவரை ஒதுக்குவதும் அநியாயம். நடுவர் குழுவில் இல்லாத இருவரைப் புகார் கேட்பதற்கென்று நியமியுங்கள். புகார் சொன்னவரின் பெயர் அவர்களோடு நிற்கட்டும். எதிர்த்தரப்பிடமும் கேட்க வேண்டும். அறிவிப்புக்கு முன் தெளிவு கிடைக்கவில்லை என்றால் அந்தப் பிரிவை அந்த ஆண்டு காலியாக விடுவதுதான் என் யோசனை. விருதைத் திரும்பப் பெறும் விதியையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

7. பணம்

கேடயத்தை வைத்து யாரும் வாடகை கட்ட முடியாது. சிறிய தொகையாக இருந்தாலும் விருதோடு பணம் சேர்த்துக் கொடுங்கள். விழாவைச் சிறிதாக்கித் தொகையைப் பெரிதாக்கலாம் என்றால் அதைச் செய்யுங்கள். அரசு உதவித்தொகை வாங்குபவருக்குப் பரிசுத் தொகையால் அந்த உதவி நின்றுபோகக்கூடுமா, வரி உண்டா என்று முன்பே விசாரியுங்கள். விழாவுக்கு வந்துபோகும் செலவு, துணைக்கு வருபவரின் செலவு, அன்று வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலி மூன்றையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

ஸ்பான்சர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 2023-இல் பிரிட்டிஷ் எல்ஜிபிடி விருதுகளுக்கு ஷெல், பிபி என்ற இரண்டு எண்ணெய் நிறுவனங்கள் ஆதரவளித்தன. அதை எதிர்த்துப் பரிந்துரைப் பட்டியலில் இருந்த சிலர் விலகினார்கள். கடைசியில் அமைப்பாளர்கள் அந்த நிறுவனங்களை விலக்க வேண்டியதாயிற்று. யாரிடம் வாங்க மாட்டோம் என்ற பட்டியலைப் பணம் கேட்கப் போகும் முன்பே சமூகக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். தன் ஊழியர்களில் திருநர் ஒருவருக்குக்கூட வேலை கொடுக்காத நிறுவனத்தின் சின்னம் மேடையில் தொங்குவதை விருது வாங்குபவர் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. எந்த நிறுவனத்துக்கும் நடுவர் குழுவில் இடம் கிடையாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

8. மறுப்பவருக்கும் மதிப்பு உண்டு

2010 ஜூன் 19 அன்று பெர்லின் பிரைடில் சிந்தனையாளர் ஜூடித் பட்லருக்குத் துணிவுக்கான விருது கொடுக்க இருந்தார்கள். அவர் மேடையிலேயே அதை மறுத்தார். அமைப்பாளர்களில் சிலர் இனவாதப் பேச்சிலிருந்து விலகி நிற்கவில்லை, நிகழ்வும் வணிகமாகிவிட்டது என்றார். புலம்பெயர்ந்த பால்புதுமையரோடு வேலை செய்யும் குழுக்களின் பெயரைச் சொல்லி, இந்த விருது அவர்களுக்குத்தான் போக வேண்டும் என்றார். உங்கள் விருதையும் ஒருவர் மறுக்கலாம். காரணம் சொன்னால் முழுதாகக் கேளுங்கள், கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். கோபித்துக்கொண்டு அடுத்த பெயருக்குத் தாவ வேண்டாம்.

9. விழா நாள்

அரங்கத்துக்குச் சாய்தளம் இருக்கும், மேடைக்குப் படிதான் இருக்கும். முதல் முறை இடம் பார்க்கப் போகும்போதே மேடை வரை சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். எந்தப் பாலினத்தவரும் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, சைகைமொழி பெயர்ப்பாளர், கூட்டத்திலிருந்து ஒதுங்கி உட்கார ஓர் அமைதியான அறை ஆகியவை வேண்டும். இரவு வெகுநேரம் இழுக்காதீர்கள். திருநங்கை ஒருவர் நடு இரவில் தனியாக வண்டி தேடி நிற்பது என்ன நிலைமை என்று உங்களுக்கே தெரியும். வீடு வரை கொண்டுபோய் விட ஏற்பாடு செய்யுங்கள்.

தொகுப்பாளரின் கையில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை இருக்கட்டும். பெயர், அதை உச்சரிக்கும் முறை, எப்படிக் குறிப்பிட வேண்டும், படம் எடுக்கலாமா கூடாதா, மூன்று வரி அறிமுகம். அறிமுகத்தை விருது பெறுபவருக்கு முன்பே படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அவர் பட்ட அடிகளைப் பட்டியலிட்டு அரங்கத்தை அழ வைக்க வேண்டாம். அவர் செய்த வேலைக்காகத்தான் இந்த விருது. அட்டையைப் பார்த்தே பேச வேண்டும், மேடையில் சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது என்று தொகுப்பாளரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

படம் வேண்டாம் என்றவர்களுக்கு அரங்கில் ஒரு பகுதியை ஒதுக்கி, கேமரா அந்தப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். பார்வையாளர்களின் கைபேசிதான் பெரிய தொல்லை. நுழைவிலேயே சொல்லுங்கள், மேடையிலிருந்தும் சொல்லுங்கள். பத்திரிகையாளர்கள் வந்தால் எந்தப் பெயர்களை வெளியிடலாம் என்ற பட்டியலை எழுத்தில் கொடுங்கள்.

சிறப்பு விருந்தினருக்கு ஐந்து நிமிடம். ஏற்புரைக்கு அவரவர் கேட்கும் நேரம். பேச விரும்பாதவர் பேச வேண்டியதில்லை.

10. விழா முடிந்த பிறகு

செய்தி வெளியானதும் வசவுகள் வரும். முதல் ஒரு வாரம் பின்னூட்டங்களைப் பார்த்து நீக்க ஆள் வேண்டும், அந்த வேலையை விருது பெற்றவர் தலையில் கட்டக் கூடாது. ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து அவர்களைக் கூப்பிட்டு விசாரியுங்கள். வேலையிடத்தில் சிக்கல், வீட்டில் சிக்கல், மிரட்டல் ஏதும் வந்ததா என்று நேராகவே கேளுங்கள். வந்திருந்தால் யார் உதவுவார்கள் என்பதற்கு ஒரு வழக்கறிஞரையும் ஒரு மனநல ஆலோசகரையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

தேர்வாகாதவர்களில், பரிந்துரைக்கப்பட்டது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதுங்கள். தன்னைப் பற்றி ஒருவர் என்ன எழுதினார் என்பதை, எழுதியவர் சம்மதித்தால், அதில் சேருங்கள். சிலருக்கு அந்த நாலு வரி விருதைவிடப் பெரிதாக இருக்கும்.

விருது பெற்றவர்களின் கதைகளை அவர்கள் சம்மதித்த அளவுக்கு ஆவணமாக்குங்கள். நம் வரலாற்றில் பாதி, எழுதி வைக்க ஆளில்லாமல் போனது. குழுவுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்ற நாலாம் நிலையைத் தேர்ந்தெடுத்தவர்களிடம், எத்தனை ஆண்டு கழித்து, யார் திறக்கலாம் என்று கேட்டு, உறையில் மூடி வையுங்கள். மற்றப் பரிந்துரைப் படிவங்கள், தொலைபேசி எண்கள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் விழா முடிந்த மூன்று மாதத்துக்குள் அழித்துவிட வேண்டும். தொண்டர்களின் கைபேசிகளிலும் மின்னஞ்சல்களிலும் தங்கியிருக்கும் நகல்களையும் மறக்க வேண்டாம். அழித்த தேதியைப் பதிவேட்டில் எழுதி இருவர் கையெழுத்துப் போடட்டும்.